சுமார் சீட்டுக்கு வக்கீல்

நல்ல சீட்டு வந்தால் ஆடுகிறவர்கள் உண்டு. மோசமான சீட்டு வந்தால் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத ஓர் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: சுமாரான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காக வாதாடுகிறவர்.

புத்தகம் கட்டும் பட்டறையில் அட்டை ஒட்டும் பைண்டர் இந்த இனத்தில் முதல் தரம். அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் போக்கர் நடக்கும். ஆளுக்கு இரண்டு சீட்டு. பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து. பந்தயம் வைப்பது வெட்டி விழுந்த அட்டைத் துண்டுகளை. வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது யாரிடம் துண்டு குறைவோ, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.

எதை ஆடலாம், எதை ஆடக்கூடாது என்று பைண்டருக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். "சுமார் சீட்டா, யோசிக்காம கீழ வை" என்று பட்டறை முழுக்கப் பாடம் நடத்துபவரே அவர்தான். ஆனால் அவர் கைக்கு மட்டும் சுமார் சீட்டு வந்ததே கிடையாது. இரண்டும் ஒரே இனமாக இருந்தால், "சேர்ந்து வந்திருக்கு, பிரிக்கலாமா?" வேறு வேறாக இருந்தால், "ரெண்டு பக்கமும் வழி இருக்கு." எட்டும் மூன்றும் வந்தாலோ, போன வருஷம் எட்டையும் மூன்றையும் கவிழ்த்த கையோடு நடுவில் மூன்று எட்டு வந்து விழுந்த கதை தொடங்கிவிடும். கவிழ்த்து இழந்தது அந்த ஒரு தடவை. ஆடி இழந்தது? அது அவருக்கு ஞாபகமே இருக்காது.

அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாள் தைக்கிற மனைவிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். இந்த ஞாயிறு எட்டு மணிக்கு வீடு மாற்ற வண்டி வருகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோவின் ஒரு முனையை இவர்தான் பிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, கடைசி ஆட்டம். பைண்டரிடம் ஒன்பது துண்டு, கட்டர் மெஷின்காரரிடம் ஆறு, கணக்கரிடம் ஒரு குவியல். கட்டர்காரர் ஆறையும் நடுவில் தள்ளினார். கணக்கர் கவிழ்த்தார். பைண்டர் கையில் ராணியும் ஐந்தும். கவிழ்த்தால் போதும், ஞாயிறு அவருடையது. பின்னால் ஊசி நின்றது.

"வெச்சிடுங்க. வண்டி சொல்லியாச்சு."

"நீ சும்மா இரு. ராணி வந்திருக்கா, வாசலோட அனுப்பவா?"

"வீட்டுல உத்தரவு வாங்கிட்டு ஆடுய்யா" என்றார் கட்டர்காரர்.

அது போதாதா? ஆறு துண்டு நடுவில் போனது. ஐந்து சீட்டு விரிந்ததில் ஓர் ஐந்து வந்தது; ஜோடி சேர்ந்ததென்று பைண்டர் துள்ளினார். கட்டர்காரர் இரண்டு ராஜாவைக் காட்டினார். மணி அடித்தது.

பைண்டர் விடுவாரா? மிச்சக் கட்டின் மேல் சீட்டைப் புரட்டினார். ராணி! "பாத்தியா? ஒரே ஒரு சீட்டு! நான் ஆடினது சரிதான்!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. கட்டர்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே? எட்டு மணிக்கு வந்திருங்க. பீரோ தூக்கணும்."

நீங்கள் சிரிக்கலாம். நீங்கள் அந்த இனம் இல்லை. இது சுமார்தான் என்று முதல் பத்தியிலேயே தெரிந்துபோயும், கடைசி வரியில் ஏதாவது விழும் என்று இதுவரை வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.