தகரம் கேட்கும் முறை

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூன்று மழைக்காலமாக தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் கூரைகள் ஒழுகின. நிர்வாகம் தீர ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தது: தொழிலாளர்களுக்கு முறையாகக் கூரைத் தகரம் கேட்கத் தெரியவில்லை. ஆகவே தகரத்துக்குப் பதிலாக, பேரம் பேசும் திறனை வளர்க்க ஒருநாள் பயிற்சிச் செயலமர்வு நடத்துவதெனத் தீர்மானமாயிற்று.

கொழுந்து பறிக்கும் காளியாயி முன்வரிசையில் இடம் பிடித்தாள். அவள் வீட்டில் ஏழு இடத்தில் ஒழுக்கு. பிள்ளைக்கு இருமல் நின்றபாடில்லை. ஏழு தகரம் கிடைக்குமென்றால் எந்தப் பாடத்தையும் படிக்க அவள் தயார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பயிற்றுநர் கஜதீபன் அவளை மேடைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். "நான் தொழிலாளி, நீங்கள் துரை. கதைச்சுப் பாப்பம்." தோட்டத்தை நிர்வகிக்கும் நிஜத் துரை பின்வரிசையில் இருந்து பார்த்தார்.

"ஐயா, கூரை நல்லா இருந்தா வேலையும் நல்லா நடக்கும். ரெண்டு பக்கத்துக்கும் நன்மை," என்று தொடங்கினார் கஜதீபன்.

"எழுதிக் குடுத்துட்டுப் போ. பார்க்கலாம்," என்றாள் காளியாயி.

"எப்ப பாப்பியள்?"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கு."

கஜதீபன் மடக்கிப் பார்த்தார், மௌனம் காத்துப் பார்த்தார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். கொழும்பில் படித்த அத்தனை உத்தியும் தீர்ந்தது. காளியாயி அசையவில்லை.

அவள் புருஷன் மூக்கனுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, வெளையாட்டுக்காவது குடுக்குறேன்னு சொல்லேன்!"

"குடுத்தா தொரை மாதிரி இருக்காதேங்க!"

துரையே எழுந்து கைதட்டினார். முதற்பரிசு அவளுக்கு. பரிசோடு பதவியும் வந்தது: கூரைக் கோரிக்கைப் பரிசீலனைப் பொறுப்பாளர். மேசை, ரப்பர் முத்திரை, விதிப் புத்தகம் எல்லாம் கொடுத்தார்கள். நம்ம ஆள் உட்கார்ந்துவிட்டாள் என்று லயமே பட்டாசு கொளுத்தியது. முதல் வேலை நம்ம தகரம்தான் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் காளியாயி ஆபீசுக்குப் போனாள்.

முதல் மனு மூக்கனுடையது. அவள் ஆசையாக விரித்தாள். முகம் சுருங்கியது.

"என்னங்க, எழுத்தெல்லாம் கரைஞ்சிருக்கு?"

"வீட்டுல வச்சுத்தானே எழுதுனேன். ஒழுகுதில்ல?"

"நனைஞ்ச மனுவ எடுக்கக் கூடாதுன்னு விதியில இருக்குங்க. காஞ்ச தாள்ல எழுதிக் கொண்டாங்க."

மூக்கன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பின்னால் நின்ற நாற்பது பேரும் தங்கள் மனுக்களைத் தடவிப் பார்த்தார்கள். எல்லாம் ஈரம். ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை. நம்ம ஆள் எவ்வளவு கறாராக இருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டே வெயில் தேடிப் போனார்கள்.