ஃபேன் காசும் ஃப்ளாக்கோவும்

ஃபேன் காசு கைக்கு வர்ற வரைக்கும் தாடி எடுக்க மாட்டேன்னு எவரிஸ்தோ சபதம் போட்டான்.

"உனக்குத் தாடியே வராதே, ராசா"ன்னா அவன் பொண்டாட்டி யாதிரா.

"வராட்டி என்ன. எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்."

பாரங்கீயா ஊர் வெயில்ல பல்லிகூட நிழல் பார்த்துதான் சுவர் ஏறும். அங்க ஃபேன் இல்லாத வீடு வீடில்ல, அடுப்பு. 'சத்தமே வராது'ங்கிற விளம்பரத்தை நம்பி எவரிஸ்தோ ஒரு ஸ்டாண்டு ஃபேன் வாங்கினான். போட்டா, லாரி மேடேறுற மாதிரி உறுமுச்சு. எதிர்வீட்டுக்காரன் ஓரமா ஒதுங்கி வழி விட்டான். சரின்னு பெட்டியில கட்டி, பார்சல்காரன்கிட்ட குடுத்து, கடைக்கே திருப்பி அனுப்பியாச்சு. அந்தக் காசு வந்தாத்தான் அடுத்த ஃபேன். காசு வரல.

கடை மேனேஜர் கிளெமெந்தே தேனா வழிஞ்சான். "பெட்டி எங்களுக்கு வரவே இல்லீங்களே, டாக்டர்."

எவரிஸ்தோ பைக் மெக்கானிக். ஆனா அந்த ஊர்ல காசு தர மனசில்லாதவனுக்கு எதிர்ல நிக்கிறவன் எல்லாமே டாக்டர்தான்.

"பார்சல்காரன் சீட்டைப் பாருய்யா. வாங்கினவன் கையெழுத்து இருக்கு. ஃப்ளாக்கோ."

"அப்படி ஒரு பேரே எங்க கடையில இல்லீங்க, டாக்டர்."

ஃப்ளாக்கோன்னா ஒல்லிக்குச்சி. எவரிஸ்தோ துப்பறிய இறங்கிட்டான். கல்லாவுல இருந்த பொண்ணை முறைச்சு, "ஒல்லிக்குச்சின்னு உன்னைத்தானே சொல்றாங்க?"ன்னான். "ஐயோ, நன்றிங்க. இப்பத்தான் டயட் ஆரம்பிச்சேன்"னு அது வெக்கப்பட்டுச்சு. வாசலையே அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்த வாட்ச்மேன்கிட்ட, "இங்க ஒல்லியா எவனாச்சும் வேலை பார்க்கிறானா?"ன்னு கேட்டான். அவன் மனசாரத் தேடிப் பார்த்துட்டு, "யாரும் இல்லண்ணே"ன்னான்.

எவரிஸ்தோவுக்கு ரத்தம் கொதிச்சுது. வெயில்ல ஏற்கெனவே பாதி கொதிச்சதுதான். வீட்டுக்கு வந்து பெரிய பானையையும் கரண்டியையும் தூக்கினான்.

"எங்க போகுது என் பானை?"

"போராட்டத்துக்கு. கடை வாசல்ல நின்னு கொட்டப் போறேன். இந்த மண்ணுல அரசாங்கமே பானைச் சத்தத்துக்குப் பயப்படும். கிளெமெந்தே எம்மாத்திரம்?"

"அப்ப சூப்பு எதுல வைக்கிறது?"

"நியாயம் கிடைக்கிற வரைக்கும் சூப்பு கிடையாது."

"யாருக்கு?"

எவரிஸ்தோ பானையைத் தோள்ல வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான்.

கொட்டினான் பாருங்க. டங்கு டங்குன்னு தெருவே அதிர்ந்துச்சு. ரெண்டு பேர் நின்னாங்க. பத்துப் பேர் ஆனாங்க. தாளம் சரியா விழுந்ததும் ஒருத்தி இடுப்பை ஆட்டினா. ஐஸ் வண்டி வந்துச்சு. ஃபேன் போய், ஃபேன்ஸ் வந்தாச்சு.

மத்தியானம் யாதிரா சாப்பாட்டோட வந்தா. நேரா கடைக்குள்ள நுழையப் போனா.

"எதிரி கோட்டைக்குள்ள போறியா?"

"உள்ள ஏசி ஓடுது ராசா. கொஞ்சம் ஆறிட்டு வர்றேன்."

ஆறிட்டு வந்தா. முகத்துல ஒரு குளிர்ச்சி. "நல்லாக் கொட்டு. பின்வாங்காத. தாளத்தைக் கொஞ்சம் ஏத்திக்கோ"ன்னுட்டுப் போயிட்டா.

அன்னையிலேருந்து ஆளே மாறிட்டா. விடியறதுக்குள்ள எழுப்பி விடுறா. பானையைத் துலக்கிக் கையில குடுக்குறா. "இருட்டினப்புறம் வந்தாப் போதும், ராசா." பொண்டாட்டியையே புரட்சிக்காரி ஆக்கிட்டோம்னு எவரிஸ்தோவுக்கு நெஞ்சு ஒரு சுத்து பெருத்துச்சு.

அடுத்த வாரம் கிளெமெந்தேயே வெளிய வந்தான். கையில ஜில்லுன்னு ஒரு பாட்டில்.

"குடிங்க டாக்டர். நீங்க கொட்ட ஆரம்பிச்சதுலருந்து வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. வேற கடைக்கு மட்டும் போயிடாதீங்க."

"என் காசு வராம இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

"எந்தக் காசு? உங்க வீட்டம்மா போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

கரண்டி அந்தரத்துல நின்னுச்சு.

"உள்ள வந்தாங்க, டாக்டர். யார்கிட்டயும் எதுவும் கேக்கல. நடுக்கடையில நின்னு, 'டேய் ஃப்ளாக்கோ'ன்னு ஒரு குரல் விட்டாங்க. வாசல்ல இருந்த எங்க வாட்ச்மேன், 'என்னக்கா'ன்னு எந்திரிச்சுட்டான். உக்கார நாற்காலி தாங்கலன்னு உங்க ஃபேன் பெட்டியைத்தான் போட்டு உக்காந்திருக்கான்."

"அவனா? அவன் இந்தக் கதவுல பக்கவாட்டுலகூட நுழைய மாட்டானே."

"அதான் டாக்டர். ஒல்லியா இருக்கறவனை எவன் ஒல்லிக்குச்சின்னு கூப்பிடுறான்?"

"அப்ப என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"அம்மாதான், 'அவரு சந்தோஷமாக் கொட்டுறாரு, விட்டுருங்க'ன்னாங்க. எனக்கும் நஷ்டம் இல்ல."

எவரிஸ்தோ பானையோட வீட்டுக்கு ஓடினான். கதவைத் தள்ளினா, ஜில்லுன்னு காத்து மூஞ்சியில அடிச்சுது. புது ஃபேன். சத்தமே இல்ல. அதுக்கு நேரா ஊஞ்சல் படுக்கையில யாதிரா, கண்ணை மூடி, கூந்தல் பறக்க.

"இத்தனை நாளா என்னை வெயில்ல நிக்க வச்சுட்டியேடி. காசு வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

யாதிரா ஒரு கண்ணை மட்டும் திறந்தா.

"ஒரு ஃபேன் காத்து ரெண்டு பேருக்குப் பத்தாது, ராசா."