குழியில் கொம்பு நடுபவர்

தெருவில் ஒரு குழி விழுந்தால் மனிதர்கள் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். முதல் வகையினர் விழுந்து எழுந்து, நகராட்சியைத் திட்டிவிட்டு, முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டாம் வகையினர் ஒடித்து வளைத்து ஓட்டித் தப்பித்து, அந்தச் சாமர்த்தியத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்கள் நாட்டில் நிறைய இருப்பதால் இவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாம் வகை. இவர் குழியைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டுகிறார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கிறார், பக்கத்து வேலியில் ஒரு கொம்பை ஒடிக்கிறார், அதைக் குழியின் நட்டநடுவில் நடுகிறார், நுனியில் சிவப்புத் துணி கட்டுகிறார், பின்னால் போய் நின்று அழகு பார்க்கிறார், கையைத் தட்டி மண்ணை உதிர்க்கிறார். அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை குழி விவகாரம் முடிந்தது. இவரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எங்கே போயிருக்கப் போகிறீர்கள்!

எங்கள் தெருவில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி பரணிதரன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பெயரைச் சொன்னால், தங்கள் குழியை விட்டுவிட்டேன் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆகையால் சொல்லவில்லை. பரணிதரன் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறார். தங்கமான மனிதர். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் பெரிய தொல்லை. தெருமுனையில் தண்ணீர்க் குழாய் கசிந்து கசிந்து, தார் ஊறி, ஜல்லி பெயர்ந்து, முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கும் பிறகு பிரியாணி அண்டா அளவுக்கும் ஒரு குழி உண்டானபோது, நாங்களெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றிப் போனோம். பரணிதரன்தான் வேலிகாத்தான் கொம்போடு வந்தார்.

நட்டதோடு நின்றாரா? கொம்பு காய்ந்து சாய்ந்தால் மறுநாளே புதுக் கொம்பு வந்தது, சிவப்புத் துணி வெயிலில் வெளுத்தால் மனைவி அம்சவேணி ஓரம் தைத்துக் கொடுத்த புதுத் துணி வந்தது, அட்டைப்பெட்டியின் மூடியில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதிய பலகை வந்தது, அது மழையில் ஊறிப்போனதும் பாலித்தீன் உறை போட்ட பலகை வந்தது, சுதந்திர தினத்துக்குக் குழியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு வந்தது, கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திரம் வந்தது. ஒருமுறை வேலிகாத்தான் கிடைக்காமல் முருங்கைக் கொம்பை நட்டார். குழாய்த் தண்ணீரின் புண்ணியத்தில் அது துளிர்த்துவிட்டது. கொஞ்ச நாள் தெருவில் எல்லார் வீட்டிலும் கீரைப் பொரியல். வராத ஒரே பொருள் தார்.

அவரைப் பாராட்டினால் கூச்சப்படுவார். “நம்மளால முடிஞ்சது” என்பார். கொஞ்சம் இடைவெளி விட்டு, “யாராச்சும் செய்யணும் இல்ல?” என்பார். இந்த இரண்டு வாக்கியங்களும் இந்த இனத்தாருக்குப் பிறப்பிலேயே வந்துவிடுகின்றன. நகராட்சியில் புகார் கொடுத்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

“குடுக்கலாம்பா. குடுத்தா உடனே வந்துடுவாங்களா? அதுவரைக்கும் ஜனங்க இன்னா பண்ணும்?”

‘அதுவரைக்கும்.’ இந்தச் சொல்லில்தான் இவர்கள் குடியிருக்கிறார்கள். எதுவரைக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது. அதுவரைக்கும் செய்யவேண்டியதை மட்டும் குறையில்லாமல் செய்துகொண்டிருப்பார்கள்.

இப்போது மெர்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெருவின் கடைசி வீடு. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் வேலை. விடியும்போது கம்பெனி வேன் தெருவுக்குள் வந்து மெர்சியையும் இன்னும் சில பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகும். இவ்வளவு ஜோடனை செய்த குழியிலும், கொம்பை விட்டு விலகிய வேனின் பின் சக்கரம் ஒருநாள் இறங்கிவிட்டது. அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். டிரைவர் தபரேஸ் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஸ்பிரிங் பிளேட்டு கட்டாயிடுச்சுக்கா. இனிமே வண்டி உள்ள வராது. ஹைவேஸ்ல வந்து நில்லுங்க, ஏத்திக்கிறேன்.”

“அவ்ளோ தூரம் இருட்டுல எப்படிப்பா வர்றது?”

“நான் இன்னாக்கா பண்ணட்டும்? இன்னொரு தபா ஒடைஞ்சா எனக்கு வண்டி குடுக்க மாட்டாங்க.”

அன்றிலிருந்து பெண்கள் நெடுஞ்சாலை ஓரமாக நடந்துபோய் நின்றார்கள். அங்கே நடக்க ஓரம் என்று பேருக்குத்தான் உண்டு. பெங்களூர் லாரிகள் அதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு காலையில் மெர்சிக்கு முன்னால் நடந்துபோன கிறிஸ்டினாவின் தோள்பையை ஒரு லாரியின் பக்கக் கொக்கி பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சாப்பாட்டு டப்பா சாலை நடுவே உருண்டு நசுங்கியது. கிறிஸ்டினா விழுந்தது புல்லில். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அண்டா அளவு குழிக்காக ஒரு பெண் சாகவேண்டுமா? மெர்சி அன்று கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

ஓவர்சியர் மகேந்திரன் எரிந்து விழவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“ஊரு பூரா குழிம்மா. தாரு கம்மி, ஆளு கம்மி. அதனால தரம் பிரிச்சு வெச்சிருக்கோம். ஆபத்தான குழி, எச்சரிக்கை ஒண்ணும் இல்லன்னா அது ஏ. ஒடனே மூடிடுவோம். ஆபத்தான குழிதான், ஆனா கொம்பு, டிரம்மு எதுனா வெச்சிருக்காங்கன்னா பி. அது வரிசையில வரும்.”

“சி இன்னா சார்?”

“ஜனங்க பழகிட்டது.”

இது தவிர முக்கியஸ்தர் காரில் வருகிற வழி என்று ஒரு வகை உண்டு. அதற்கு எழுத்து கிடையாது, காலையில் சொன்னால் சாயங்காலம் தார் காய்ந்திருக்கும். ஆனால் நியாயமாகப் பேசுவோம். மகேந்திரன் சொன்ன முறையில் தப்பு இல்லை. விழுந்து மண்டை உடைகிற குழியைத்தானே முதலில் மூடவேண்டும்? நானாக இருந்தாலும் அப்படித்தான் பிரித்திருப்பேன்.

“எங்க தெரு முக்குல இருக்கிறது எதுல வருது சார்?” என்றாள் மெர்சி.

“சிவப்புத் துணி கட்டினதா? பிரமாதமா வெச்சிருக்காரே ஒருத்தரு! அது பி. ரொம்ப நாளா பி.”

“கொம்பு இல்லாம இருந்திருந்தா?”

“எப்பவோ மூடியிருப்போம்.” அவருக்கே சங்கடமாகிவிட்டது. “அடுத்த வாரம் அந்தப் பக்கம் பார்வைக்கு வர்றேன். அன்னைக்கு எப்படி இருக்குதோ அப்படித்தான் எழுத முடியும், நான் வேற ஒண்ணும் சொல்லலை.”

இதைவிடத் தெளிவாக ஓர் அரசு ஊழியர் எதைச் சொல்லமுடியும்? மெர்சி திரும்பி வந்ததும் பரணிதரன் வீட்டுக்குப் போனாள். கிறிஸ்டினாவின் பையில் தொடங்கி ஓவர்சியர் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

“அவரு வர்ற நேரத்துக்கு மட்டும் கொம்பை எடுத்துடுங்கண்ணா. நாங்க குழியைச் சுத்தி நின்னுக்கிறோம். ஒருத்தரும் விழ மாட்டாங்க. வேன் உள்ள வந்தாப் போதும் எங்களுக்கு.”

பரணிதரனின் முகம் சுண்டிப்போனது. “எடுக்கிறதா?” என்றார். அம்சவேணி உள்ளே இருந்து, “அந்தப் பொண்ணுதான் இவ்ளோ சொல்லுதே” என்று குரல் கொடுத்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “சரிம்மா. உனக்காக எடுத்துடறேன்” என்றார். சொன்ன சொல் தவறாதவர் என்பதையும் நான் இங்கே பதிவு செய்யவேண்டும்.

பார்வை நாள் வந்தது. அவர் நிலைமையில் உங்களை வைத்துப் பாருங்கள். எத்தனையோ காலமாக ஒரு மனிதர் ஒரு குழியைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார், ஓர் அதிகாரியும் எட்டிப் பார்த்ததில்லை. இன்று முதல்முறையாக ஓவர்சியர் அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார். குழியை மொட்டையாகக் காட்ட மனம் வருமா? பெர்மிஷன் போட்டுவிட்டு மெர்சி மூச்சிரைக்கத் தெருமுனைக்கு ஓடிவந்தபோது அங்கே கொம்பு இல்லை. குழியின் நாலு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த நாலு டிரம்கள் நின்றன. டிரம்களுக்கு நடுவே நைலான் கயிறு, கயிற்றில் ஒளிரும் ஸ்டிக்கர், கயிற்றுக்கு மேலே ‘பொதுமக்கள் நலன் கருதி, இவண்: பரணிதரன்’ என்று புத்தம் புதுப் பலகை.

“அண்ணா! இன்னாண்ணா இது?”

“கொம்பை எடுத்துட்டேம்மா,” என்றார் பரணிதரன், பளபளக்கும் முகத்தோடு. “நீ சொன்ன மாதிரியே.”

அவள் டிரம்மைத் தள்ளப் பார்த்தாள். உள்ளே மண் நிரப்பியிருந்தது, அசையவில்லை. அதற்குள் ஓவர்சியரின் பைக் வந்து நின்றது.

மகேந்திரன் குழியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு பரணிதரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், வார்டுக்கு உங்கள மாதிரி ஒருத்தரு இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது சார்” என்றார். பரணிதரனைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

“சார், வேன் உள்ள வர மாட்டேங்குது சார்” என்றாள் மெர்சி. “நாங்க ஹைவேஸ் ஓரமா நடந்து போறோம். ஒருநாள் பை போச்சு. இன்னொரு நாள் யாராச்சும் போயிடுவாங்க.”

“கஷ்டம் தெரியுதும்மா. ஆனா இந்தக் குழியில விழறதுக்கு வழியே இல்லையே? நான் எழுதறது குழியைத்தானே? பக்கத்துத் தெருவுல ஒண்ணு கேக்க ஆளில்லாம கெடக்குது, மொதல்ல அதைத்தான் மூடணும்.” டிரம்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “இதை சி-க்கே எறக்கிடலாம் போல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் ஜல்லியும் தாரும் ரோலரும் எங்கள் தெருவைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குப் போயின. பரணிதரன் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி அவற்றுக்கு வழிவிட்டார்.

அன்று சாயங்காலம் மெர்சி அவரிடம் சண்டைக்குப் போனாள். லாரிக் கதையை முழுதும் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவருக்கு உறைத்துவிட்டது. கண் கலங்கிவிட்டார். “நீங்க எல்லாரும் இருட்டுல தனியாவா நடக்குறீங்க? மொதல்லயே எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?” என்றார். விசிலும் டார்ச்சும் வாங்கக் கடைக்கு ஓடினார்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஓர் ஊர்வலம். முன்னால் பரணிதரன், ஒளிரும் பட்டை தைத்த சட்டை, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். பின்னால் சாப்பாட்டுப் பைகளோடு பெண்கள். லாரிகள் வேகம் குறைத்தன என்பதும் உண்மைதான். மழை வந்தால் குடை கொண்டு வந்தார். பனி விழுந்தால் பிளாஸ்கில் டீ கொண்டு வந்தார். ஒருநாள்கூட லீவு போடவில்லை. நகராட்சிக்கு மட்டும் ஒருநாளும் போகவில்லை. விசில் ஊத வேண்டியிருந்ததே, நேரம் ஏது?

ஒருநாள் வேன் படியில் கால் வைத்த மெர்சி திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமெல்லாம் தீர்ந்துபோன குரலில் சொன்னாள்: “எங்க கஷ்டத்துல நீங்க கூடவே இருக்கீங்கண்ணா. அதனாலதான் எங்க கஷ்டமும் கூடவே இருக்குது.”

வேன் போய்விட்டது. அந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பரணிதரன் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் சமையலறைக் குழாயின் கீழே ஒரு வாளி இருக்கிறதே, அதை யார் வைத்தது என்று யோசித்துப் பாருங்கள். போன வருடம் சின்ன வாளி, பிறகு பெரிய வாளி, சத்தம் வரக்கூடாது என்று அதற்குள் ஒரு துணி, நிரம்பினால் செடிக்கு ஊற்றலாம் என்று ஒரு திட்டம், அந்தத் திட்டத்தை விருந்தாளிகளிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கியாயிற்று. அந்த வாளியைத் தாண்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்காமல் தினமும் அடுப்புக்குப் போகிறவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் உங்களை என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா, முழு வாக்கியத்தையும்?

இதைப் படிக்கும்போதே, வாளி நிரம்பியிருக்குமே, போய்க் கொட்டிவிட்டு வரலாம் என்று எழுந்திருப்பீர்கள். உட்காருங்கள் ஐயா. வழியட்டும். கூடம் வரைக்கும் வரட்டும். அப்போதாவது குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிடுவீர்கள்.