பக்கத்தில்தான், நாலே மணி நேரம்

அமெரிக்கத் தமிழர்களில் தூரமானி என்றோர் இனம் உண்டு. ஹூஸ்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நீங்கள் பிரியாணித் தட்டோடு உட்கார இடம் தேடும்போது, எங்கேயிருந்து வர்றீங்க என்று அன்பாகத்தான் ஆரம்பிப்பார். நியூஜெர்சி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. நுவார்க்கிலிருந்து ஹூஸ்டன் நாலு மணி நேரம், திரும்பும்போது அரை மணி குறையும், காற்று பின்னாலிருந்து தள்ளும், டென்வரில் மட்டும் மாறாதீங்க, பனி, என்று அவர் முடிப்பதற்குள் பிரியாணி ஆறியிருக்கும். அந்த விமானத்தில் வந்து இறங்கியதே நீங்கள்தானே? அதனால் என்ன.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருக்கும் சேனாபதி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். தங்கை சாரதா கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். "பக்கத்துலதான், நாலே மணி நேரம்" என்று எல்லோரிடமும் சொல்வார். போய்ப் பார்த்ததுண்டா? அவளுக்குக் குழந்தை பிறந்தபோதுகூடப் போகவில்லை. பக்கம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம். பக்கத்தில் இருப்பதில் உள்ள தொல்லையே இதுதான்.

குழந்தை மகிழனுக்குக் காதுகுத்து வந்தது. லிவர்மோர் கோயிலில், ஞாயிறு காலை பத்து மணிக்குள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சாரதாவுக்கு இருப்பதோ ஒரே அண்ணன். முந்தின நாளே வந்துவிடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

"எதுக்கு சாரதா? ஆறு மணிக்குக் கிளம்பினா எட்டு மணிக்கு லேண்டிங். டைம் ஸோன்ல ரெண்டு மணி நேரம் எனக்கு ஃப்ரீ."

"வானத்துல கணக்கு சரிண்ணா. அப்புறம் ஏர்போர்ட்லேர்ந்து கோயிலுக்கு வரணுமில்ல?"

அதையெல்லாம் போன் பார்த்துக்கொள்ளும் என்றார்.

தூரமானிகளின் பூகோளத்தில் விமான நிலையத்துக்கு வெளியே நிலம் கிடையாது. வாடகைக் கார் வரிசை, முன்னால் நின்று குழந்தை சீட்டுக்குச் சண்டை போடும் குடும்பம், பாலத்தில் நெரிசல், மலையேறும் ஃப்ரீவேயில் குறுக்கே படுத்துவிட்ட டிரக், இவற்றுக்கு அவரிடம் எண்ணே இல்லை. கோயிலில் சாரதா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி நெருங்கியதும், சாமான்களைக் காரில் ஏற்றிவந்த எதிர்வீட்டு பத்மநாபனைத் திரும்பிப் பார்த்து, "நீங்க உட்காருங்கண்ணா" என்றாள். மனிதர் கூச்சப்பட்டார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். மகிழன் அலறியது அந்த மடியில்தான்.

சேனாபதி வந்து சேர்ந்தபோது சாப்பாடு முடிகிற நேரம். அழுது ஓய்ந்த குழந்தை பத்மநாபன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சேனாபதி தங்கையிடம் தானாகவே சொன்னார்:

"ஃப்ளைட் என்னவோ பதினோரு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு."

"சாப்பிடுண்ணா," என்று இலையைப் போட்டாள். "திரும்பிப் போறப்ப அரை மணி நேரம் குறையுமில்ல."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் தங்கை வீட்டுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்? பார்த்தீர்களா, நாக்கு நுனியிலேயே வைத்திருக்கிறீர்கள். சரி, அவள் வீட்டு வாசலில் அழைப்பு மணி இடப்பக்கமா, வலப்பக்கமா?