இருபத்துமூன்றாவது துளை

எக்கர்ன்ஃபோர்ட,
14 அக்டோபர் 2019

அன்புள்ள மாப்பிள்ளை ஹார்ட்முட்டுக்கு, டெட்லெவ் எழுதுவது.

நானும் வீப்கேயும் நலம். உன் முழங்கால் எப்படியிருக்கிறது? பசா நகரில் மழை ஓய்ந்ததா? என் தங்கை டெல்ஸ் உனக்கு உப்பைக் குறைத்துப் போடுகிறாள் என்று நம்புகிறேன். மரியாதைக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்று மூன்று.

மாதிரிப் படகுப் போட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று, மாப்பிள்ளை. தங்கப் பதக்கத்துக்குத் தொண்ணூறு போதும். பதினொரு வருஷமாக எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் நின்று, எங்கள் சங்கத்து வோல்க்மார் மேடையேறுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தவன் நான். காரணம் நீ ஜூன் மாதம் அனுப்பிய புகைப்படம். கப்பல் துறையில் ஏறிக் கிடக்கும் நீர்மூழ்கியின் இடது பக்கத்தில், கையில் தூரிகையோடு நீ நிற்கிறாயே, அதுதான். பின்னால் உன் கையெழுத்தில் “மார்ச் 1974, நம்ம படகு”.

எங்கள் சங்கத்தின் விதி உனக்குத் தெரியும். மாதிரிப் படகின் உடம்பில் எதைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு காகிதம் காட்ட வேண்டும். காகிதம் இல்லாத ஆணிக்கு மதிப்பெண் குறையும். காகிதத்தில் இருந்து படகில் இல்லாத ஆணிக்கும் குறையும். கடையில் வாங்கிய மாதிரியில், படகு மூழ்கும்போது மேல்தளத்துக்குள் நீர் புகுவதற்கான நீள்துளைகள் பக்கத்துக்கு இருபத்திரண்டு. உன் படத்தில் லென்ஸ் வைத்து எண்ணினேன். இடது பக்கம் இருபத்துமூன்று. கடைசித் துளை மற்றவற்றைவிடச் சின்னது, அதற்குக் கீழே பற்றவைத்த ஒட்டுத்தகடு ஒன்று. எண்ணி முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பது வருஷம் நிருபராக இருந்தவன் இரண்டாவது சாட்சி இல்லாமல் எதையும் நம்பக்கூடாது என்று மறுபடி உட்கார்ந்தேன்.

சாட்சி தானே வந்து கதவைத் தட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆர்வம் தாங்காமல் குடைய ஆரம்பித்திருந்தேன். கீழ்வீட்டுத் தீசன் அம்மா படியேறி வந்துவிட்டார்.

“தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?”

“மெஷின் இல்லம்மா, கையாலதான் குடையறேன்.”

“குடையறது குடையறதுதான். ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. கைக்குத் தனிச் சட்டம் எழுதலை.”

நான் படத்தையும் லென்ஸையும் அவர் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். கண்புரை அறுவை முடிந்த கண், ஈயின் காலைக்கூட எண்ணிவிடும். உதட்டை அசைத்து அசைத்து எண்ணி, “இருபத்திமூணு. கடைசி கொஞ்சம் குட்டை. போதுமா? இப்ப உளியைக் கீழ வைங்க,” என்றார். வைத்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எடுத்தேன்.

துளையின் நீளத்தை எதை வைத்து அளப்பது? படத்தில் அளவு தெரிந்த பொருள் நீ மட்டும்தான். தொலைபேசியில் டெல்ஸிடம் உன் உயரத்தைக் கேட்டேன். “ஒரு மீட்டர் எண்பத்திரண்டு. ஆனா கேட்டா எண்பத்தாறுன்னுவாரு,” என்றாள். எண்பத்தாறை நம்பியிருந்தால் ஒவ்வொரு துளையும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டிருக்கும். பிறகு மூன்று மாதம் படகு சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தது. வீப்கே பொரித்த ஹெர்ரிங் மீனை ஜன்னல் விளிம்பில் பரிமாறினாள். “இந்தப் படகு தண்ணியில போறதுக்குள்ள நான் தண்ணியில போயிடுவேன்,” என்றாள். ஒட்டுத்தகட்டுக்கு ஈயத்தாள், பற்றவைத்த கோட்டுக்கு நீட்டி எடுத்த பிளாஸ்டிக் இழை. உன் தூரிகையிலிருந்து வழிந்த சாயத்தைக்கூட விடவில்லை.

போன சனிக்கிழமை தேர்வு. நடுவர் லொரென்சென், கடற்படைக் கப்பல் துறையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விரலால் துளைகளைத் தடவிக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்றார்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“படகுலேருந்து.”

“காகிதம்?”

“கோப்புல பக்கம் நாப்பத்தொண்ணு.”

பின்னாலிருந்து வோல்க்மார், “அது நிழல்யா. பத்திரிகைக்காரன் கையில கிடைச்சா நிழலும் செய்திதான்,” என்றான்.

லொரென்சென் நிமிரவே இல்லை. “நிழலுக்கு வெட்டின விளிம்பு இருக்காது, வோல்க்மார். நீ போய் உன் படகுல ஏணிப்படியை எண்ணு. ஒண்ணு குறையுது.”

மாப்பிள்ளை, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்னொரு பதினொரு வருஷம் காத்திருப்பேன். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் அது உன் படகு, ஒரு துளைகூடப் பொய் இல்லை. இதை டெல்ஸுக்கு உரக்கப் படித்துக் காட்டு. அவளுக்கு என் ஆசி, உனக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் சூடு குறையாத அடுப்பும் வலி குறைந்த முழங்காலும் இருக்கட்டும்.

அன்புடன்,
டெட்லெவ்

பி.கு.: இது தனித்தாள். டெல்ஸுக்குப் படிக்கும்போது முந்திய தாளோடு நிறுத்திக்கொள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லொரென்சென் கூப்பிட்டார். ஒட்டுத்தகடு மனசில் உறுத்தியதாம், பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். “அந்த மார்ச் மாசம் முழுக்க உங்க மாப்பிள்ளையோட படகு நார்வே பக்கம் இருந்துச்சு. துறையில கிடந்தது அதே வகையில வேற படகு. ஒட்டுப்போட்டது நாங்கதான்,” என்றார்.

ஆக, நான் செய்தது உன் படகே இல்லை. இரண்டு வழி சொன்னார். துளையை அடைத்து ஒட்டைப் பெயர்த்தால் எண்பத்தெட்டு. கோபுரத்திலுள்ள படகு எண்ணை மட்டும் மாற்றி எழுதினால் தொண்ணூற்று மூன்று அப்படியே நிற்கும். ஆனால் படத்தில் இருப்பவர், அந்த மாதம் துறையில் அந்தப் படகுக்குத்தான் சாயம் பூசினேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு வரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதே மார்ச் மாத நார்வேப் புயலில் நீ பதினாறு மணி நேரம் ஒற்றை ஆளாகப் பம்பை ஓட்டிய கதையைக் கேட்டுத்தான் எங்கள் அப்பா உங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உன் படகு கிளம்பிய அன்று நீ ஏன் கரையில் நின்றாய் என்று நான் கேட்கவில்லை, ஓய்வு பெற்றுவிட்டேன். நன்றாக யோசி. வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். தபால்பெட்டி வரை நீயே நட, டெல்ஸிடம் கொடுத்தனுப்பாதே.