புல் ஒருமைப்பாட்டுத் துணைக்குழு

மனித குலம் சாதித்தவை பல. சக்கரம், அச்சு இயந்திரம், தடுப்பூசி. இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டு. அதை எழுதுபவன் நான் என்பதால் பெருமையடிக்கவில்லை. எழுதுபவன் என்பதால்தான் அதன் அருமை எனக்குத் தெரியும்.

நோட்டுக்கு ஒரு விதி உண்டு. உறுப்பினர் பேசுவது மட்டுமே அதில் ஏறும். தலைவர் தும்மியபோதுகூட, 'தலைவர் குறுக்கிட்டார்' என்று எழுதியிருக்கிறேன். உறுப்பினர் அல்லாதவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு வரி கிடையாது.

சென்ற ஆண்டு ஒரு நாள் தலைவர் மொட்டை மாடியிலிருந்து எங்கள் புல்தரையைப் பார்த்து அதிர்ந்துபோனார். வெயில் படும் இடத்தில் சன்னமான புல். மரத்தடியில் பட்டை பட்டையாக அகலப் புல். ஒரே தரையில் இரண்டு பச்சை! அவசரக் கூட்டம் கூடியது. 'புல் ஒருமைப்பாட்டுத் துணைக்குழு' பிறந்தது. அகலப் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எங்கும் சன்னப் புல்லே பதிப்பது என்று முடிவானது. ஒப்புக்குத் தோட்டக்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

“சார், மரத்தடியில வெயிலே விழாது. அங்க அகலப் புல்லுதான் நிக்கும். சன்னப் புல்ல வெச்சா ரெண்டு மாசத்துல செத்துடும்.”

“பழகிக்கும்பா. நாங்கல்லாம் ஏசிக்குப் பழகலையா?” என்றார் தலைவர்.

“ஏசி உங்களுக்குப் புடிச்சிருக்கு சார். புல்லுக்கு நிழல் புடிக்கணுமே.”

“புல்லுக்குப் புடிக்குதான்னு கேட்டுக்கிட்டிருந்தா சங்கம் நடத்த முடியுமா?”

பலத்த கைதட்டல். துணைக்குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து, “வேணும்னா மரத்தையே வெட்டிடலாமே?” என்றார்.

“அது அடுத்த வருஷத் திட்டம்” என்றார் தலைவர்.

தோட்டக்காரர் விடவில்லை. “நாளைக்குப் புல்லு போச்சுன்னா என் வேலையும் போயிடும் சார். அன்னிக்கே ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாது.”

நான் பேனாவுக்கு மூடி போட்டு, உறுப்பினர்கள் பேசுவதற்காகக் காத்திருந்தேன்.

புல் பதிக்கப்பட்டது. தலைவர் மாடியிலிருந்து படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். மூன்றாம் மாதம் மரத்தடியெல்லாம் வழுக்கை விழுந்தது. தலைவர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, தோட்டக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“புல்லு சாகும்னு உனக்குத் தெரியுமில்ல? ஏன்பா முன்னாடியே சொல்லல?”

“சொன்னேனே சார்! இதே இடத்துல நின்னு சொன்னேன்!”

“நோட்டுல என்ன இருக்குன்னு படிங்க” என்றார் தலைவர் என்னிடம்.

கணீரென்று படித்தேன். “தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறியது. மாற்றுக் கருத்து எதுவும் பதிவாகவில்லை.”

பதிவாகவில்லை என்பது எவ்வளவு துல்லியமான சொல்!

தோட்டக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். உங்க பக்கத்துலதானே நின்னேன். ரெண்டு புள்ளைங்க படிக்குது சார்.”

அவர்தான் உறுப்பினர் இல்லை. நான் உறுப்பினர். நான் வாயைத் திறந்து “ஆமாம்” என்றால் அது நோட்டில் ஏறியே தீரும். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. நோட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

தோட்டக்காரர் அன்றே நீக்கப்பட்டார். காரணம்: 'உரிய நேரத்தில் எச்சரிக்கத் தவறியது.'

வீட்டில் மனைவி கேட்டாள். “அவரு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?”

“விழுந்துச்சு.”

“அப்ப ஏங்க வாயத் தொறக்கல?”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில், உள்ளதை உள்ளபடி எழுதும் என் நேர்மையைப் பாராட்டித் தலைவரே தீர்மானம் கொண்டுவந்தார். ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.