கொட்டாம்பட்டி மாம்பழமும் ஏவாள் அம்மாளும்

அவனியாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் பெனடிக்ட் அவர்களுக்கு,

அவனியாபுரம் சபை மூப்பர் யேசுதாஸ் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கோழிகளும் சுகம். அவ்விடத்துச் சுகத்தில் என் மனைவியின் சுகமும் அடங்கியிருப்பதால் அதைத் தனியே விசாரிக்கிறேன். எஸ்தருக்குப் போன் போட்டால் கட் செய்கிறாள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. அதனால்தான் காகிதம். நீங்கள் காப்பி குடித்து முடித்ததும், தங்கச்சி காதில் விழும்படி இதை உரக்க வாசிக்க வேண்டும்.

நடந்ததை அவள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அது முழுக்க உண்மை. இருந்தாலும் என் வாயாலும் கேளுங்கள். என்னோடு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அழகுபாண்டி, கொட்டாம்பட்டித் தோப்பிலிருந்து ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து இறக்கினார். என் சர்க்கரை ஊரறிந்த விஷயம். எஸ்தர் ஒரே ஒரு கீற்று அறுத்துக் கொடுத்துவிட்டு, "இம்புட்டுத்தான். மிச்சத்தத் தொட்டீகன்னா தெரியும்" என்று பெட்டியைப் பரணில் ஏற்றினாள். மற்ற மரமெல்லாம் உனக்கு, இது ஒன்று மட்டும் வேண்டாம் என்ற அதே பழைய ஏற்பாடு. அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போன மத்தியானங்களில் நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். பாம்பு எதுவும் வந்து ஆசை காட்டவில்லை மச்சான். வழி எனக்கே தெரிந்திருந்தது.

அப்புறம் டாக்டர். எஸ்தரும் கூட வந்திருந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா சாப்ட்டீங்க?" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே, "எஸ்தர் மாம்பழம் குடுத்தா, சாப்ட்டேன்" என்றது. ஒரு கீற்று கொடுத்தாள்தானே! டாக்டர் பிடித்துக்கொண்டார், அவளைத்தான். "படிச்ச டீச்சரம்மா, நீங்களே இப்பிடிச் செய்யலாமா?" அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு போயிருக்கும். அந்த வாரமே பெண்கள் ஞாயிறு வந்து தொலைத்தது. வருஷா வருஷம் அன்றைக்குப் பிரசங்கம் எனக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஏவாள் அம்மாளால் உலகம் கெட்டது, ஆகவே சகோதரிகளே அடக்கம் வேண்டும் என்று முடிப்பேன். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். சிரித்தார்களா, பல்லைக் கடித்தார்களா என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. முன்பெல்லாம் ஆயரம்மா என்றால் ஆயருடைய வீட்டுக்காரி. இப்போது எங்களுக்கு வந்திருக்கும் ஆயரே ஒரு அம்மா, ரூத் என்று பெயர். "மூப்பரே, இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அவரே பிரசங்க பீடம் ஏறினார்.

"தப்புப் பண்ணுனது ரெண்டு பேரு. பழிய மட்டும் இத்தன காலமா ஒருத்தி தலையில வச்சிட்டோம். அவளையும் கடவுள் தம்ம சாயலாத்தானே படைச்சாரு? ஏன் தின்னேன்னு கேட்டப்ப அந்த மனுசன் செஞ்ச மொத வேல என்ன? பொண்டாட்டியக் கைகாட்டுனதுதான்!"

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். இடம் இருந்திருந்தால் காணிக்கைப் பைக்குள் இறங்கியிருப்பேன். மத்தியானமே அவள் உங்கள் வீட்டுக்கென்று சமயநல்லூர் பஸ் ஏறிவிட்டாள்.

ஆறுதல் தேடிப் பக்கத்து வீட்டு பக்கீர் முகமதுவிடம் போனேன். "பாய், உங்க வேதத்துல ஹவ்வா அம்மா மேலதான தப்பு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்ல மூப்பரே. ரெண்டு பேருந்தான் சறுக்குனாக. ரெண்டு பேருஞ் சேந்துதான் மன்னிப்புக் கேட்டாக" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி நஜ்முன்னிசா, "மொதல்ல அக்காவக் கூட்டிட்டு வாங்கண்ணே" என்றார். எந்த மதத்திலும் எனக்கு ஒதுங்க இடமில்லை மச்சான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. சாப்பாட்டுக்காகச் சொல்லவில்லை, ரசம் வைக்க எனக்குத் தெரியும், குடிக்கத்தான் முடியவில்லை. அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. தங்கச்சியிடம் சொல்லுங்கள்: அதே டாக்டர் முன்னால், அத்தனை பேரும் கேட்க, "நாந்தான் ஏறுனேன், நாந்தான் தின்னேன்" என்று சொல்லப்போகிறேன். இனி என் வாய்க்குள் போவதற்கு என் கைதான் பொறுப்பு. எந்தப் பெண்மேலும் பழி போடமாட்டேன். சத்தியம் செய்யக்கூடாது என்று வேதம் சொல்வதால் உறுதியாகச் சொல்கிறேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நிறைவான சமாதானத்தைத் தந்து, அதில் ஒரு பங்கை எஸ்தரிடம் கொடுத்தனுப்புவாராக.

இப்படிக்கு,
விலா எலும்பு குறைந்த
யேசுதாஸ்

பி.கு.: இதை மட்டும் உரக்க வாசிக்க வேண்டாம். எஸ்தர் வந்ததும் கொடுக்கச் சொல்லி நஜ்முன்னிசா ஒரு தட்டு தம்ரூட் இனிப்பு அனுப்பியிருந்தார், நெய் சொட்டச் சொட்ட. கடிதம் முடிவதற்குள் தட்டு காலி. எஸ்தர் கேட்டால், நஜ்முன்னிசா கொடுத்தார், நான் தின்றேன்.